ஹாரன் இல்லாத வண்டி

விடியற்காலை நாலரை மணி. மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குட்டியானை மினி லாரி வந்து நிற்கிறது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து, ஒரு தேக்குப் பலகையைச் சாய்த்து வைக்கிறார். போர்ட்டிகோவில் பழைய வேட்டி போர்த்தி நின்றிருந்த பைக்கை என் நண்பர் மெல்ல உருட்டிக்கொண்டு வருகிறார். எதிர்வீட்டு அம்மா வாசல் தெளித்துவிட்டு, கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்க்கிறார். "இருப்பா, அதை ஏத்திட்டுக் கிளம்பு. அப்புறமா போட்டுக்கறேன்." போனமுறை பின்சக்கரம் கோலத்தில் ஏறிவிட்டதாம்.

ஓட்டத் தெரிந்தவர், ஓடுகிற வண்டி, காலியான சாலை. எதற்குக் குட்டியானை என்று கேட்கத் தோன்றும். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் மழமழவென்று ஃபைபர். கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்ட், ஹாரன் எதுவும் கிடையாது. நம்பர் பிளேட் அலமாரியில், ஆர்.சி. புத்தகம் பீரோவில். தெருமுனை டீக்கடை வரை போகக்கூட இதற்கு அனுமதி இல்லை. இது ஓடக்கூடிய இடம் ஒன்றுதான்: நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். அங்கேயும் வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். மற்ற நாட்களில் வேட்டிதான் கதி.

"என்ன சார், இன்னிக்கு ஜெயிச்சிருவீங்களா?" பலகையை எடுத்துக்கொண்டே டிரைவர் கேட்கிறார்.

"ரேஸ் இல்லண்ணே. டிராக் டே. சும்மா சுத்துறது."

டிரைவர் அதை நம்பவில்லை. முகமே சொன்னது.

டிராக் டே என்பது அதுதான், சும்மா சுற்றுவது. பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் தடத்தைத் தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிடமாகத் திறந்துவிடுவார்கள். கோப்பை கிடையாது, இரண்டாமிடம் கிடையாது, மாலை போட ஆளும் கிடையாது. எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, பேருந்து திடீரென்று ஓரம் கட்டாது. இந்த மூன்றும் இல்லாத சாலையைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒரு சென்னைவாசி அவ்வளவு தூரம் போகலாம் என்பது என் கருத்து.

நண்பரின் வண்டி டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310. 2017 டிசம்பரில் வெளிவந்த மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கி, சாலை வாசனை முழுவதையும் உரித்து எடுத்துவிட்டார். தடத்தை ஒட்டி வண்டிகளைத் தயார்செய்யும் பேடாக்கில் பேசுகிறவர்கள் இதை 'டிராக் பைக்' என்பார்கள், 'ஃபேக்டரி பைக்' என்று சொல்லமாட்டார்கள். அந்த மரியாதை, கம்பெனியே பந்தயத்துக்கென்று பிறப்பித்த வண்டிக்குத்தான். அதிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கம்பெனி அணியின் வீரர் மட்டுமே ஏறக்கூடியது, விலைக்கு வராது. இன்னொன்று, கம்பெனி பந்தயத்துக்காகவே தயாரித்துத் தனியாருக்கும் விற்பது. 1970-களில் யமஹா தன் டி.இசட். வரிசை வண்டிகளை அப்படித்தான் விற்றது. சொந்தக் காசில் ஒரு டி.இசட். வாங்கி, வேனில் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஓடிய ஒரு தலைமுறையே ஐரோப்பாவில் இருந்தது.

நம் ஊர்க்காரர்கள் அந்த ஜாதி வண்டியை 2019-ல் நேரில் பார்த்தார்கள். ஹோண்டா, இளம் வீரர்களுக்காக நடத்திய இந்தியா டேலண்ட் கப் போட்டிக்கு என்.எஸ்.எஃப். 250 ஆர் என்ற வண்டியைக் கொண்டு வந்தது. பெட்ரோல், ஆயில் ஊற்றாமல் அதன் எடை 84 கிலோ. வீட்டு வாசலில் நிற்கும் ஆக்டிவாவை விட இருபது கிலோவுக்கு மேல் குறைவு. சக்தியோ அதைப்போல் ஆறு மடங்கு. செல்ஃப் ஸ்டார்ட்டரும் இல்லை, கிக்கரும் இல்லை. தள்ளிக்கொண்டு ஓடி, கியரில் போட்டு உயிர்ப்பிக்க வேண்டும். அந்தக் காலத்து ராஜ்தூத் பேட்டரி இறங்கிப்போனால் அப்பாக்கள் செய்ததைத்தான் ஜப்பான் பொறியாளர்கள் வேண்டுமென்றே செய்ய வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஒரு சுமைதானே! சென்னைப் பையன் கவின் குவின்டால் போன்றவர்கள் அதில்தான் பழகினார்கள். ஆனால் போட்டி முடிந்ததும் வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும். ஷோரூமில் போய் "ஒண்ணு குடுங்க" என்று கேட்க முடியாது.

அதனால் இங்கே பந்தய வண்டி சொந்தமாக வேண்டும் என்கிறவர்கள் கடை வண்டியை வாங்கிப் பந்தய வண்டியாக மாற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் நண்பரின் வண்டிக்கும் அந்த ஹோண்டாவுக்கும் நடுவே ஒரு உறவு ஓடுகிறது. சாதாரண வண்டியில் எஞ்சினின் முகம் முன்னோக்கி இருக்கும். காற்று பின்னாலிருந்து நுழையும், புகைக்குழாய் முன்னால் கிளம்பி வளைந்து கீழே இறங்கும். இந்த இரண்டிலும் சிலிண்டரை முன்பின்னாகத் திருப்பி, பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். காற்று முன்னாலிருந்து நேராகப் போகிறது, புகை பின்னால் வெளியேறுகிறது. முன்சக்கரத்தின் மேல் எடை சரியாக உட்காரும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை நீளமாக வைக்க இடம் கிடைக்கும். பி.எம்.டபிள்யூ.வோடு டி.வி.எஸ். 2013-ல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதில் பிறந்தது நண்பரின் வண்டி எஞ்சின். இப்போதும் ஓசூரில்தான் தயாராகிறது. பிற்பாடு, ஆர்.ஆர். 310-ஐ ரேஸ் கிட்டோடு தொழிற்சாலையிலேயே ஆர்டர் கொடுத்து வாங்கும் வசதியும் வந்தது. கடை வண்டிகளில் ஃபேக்டரி பந்தய வண்டிக்கு மிக அருகில் வருவது இதுதான் என்று நண்பர் சத்தியம் செய்கிறார். வாங்கியவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை; ஆனால் எஞ்சின் விஷயத்தில் அவர் சொல்வது சரி.

டி.வி.எஸ். பேச்சு வந்ததால் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் ஃபேக்டரி பந்தய அணி அவர்களுடையது, 1982-ல் தொடங்கியது. அப்போது அவர்கள் கையில் இருந்த வண்டி எது? 50 சி.சி. மொபெட். மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டை ஏற்றிப் போகும் அதே டி.வி.எஸ். 50. ஐம்பது சி.சி. மொபெட்டை வைத்துக்கொண்டு ரேஸ் டீம் தொடங்க ஒரு துணிச்சல் வேண்டும், அல்லது நல்ல நகைச்சுவை உணர்ச்சி வேண்டும். இன்று தெருவில் ஓடும் அப்பாச்சிகளின் மேல் 'ஆர்.டி.ஆர்.' என்று எழுதியிருக்கிறதே, அதன் விரிவு 'ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்'. 'ஆர்.ஆர்.' என்றால் 'ரேஸ் ரெப்ளிகா'. அதை ஓட்டிக்கொண்டு பாண்டி பஜாரில் பார்க்கிங் தேடும் பலருக்கு இது தெரியாது.

அந்த 1982-ல் பந்தயம் நடந்த இடம் சோழவரம். செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப்போரின்போது போட்ட விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருடாவருடம் பந்தயம் நடத்தியது. கூட்டம் பஸ் பஸ்ஸாகப் போகும். அடையாறு காந்தி நகரில் ஒரு ஓய்வுபெற்ற பொறியாளரிடம் சோழவரம் என்று சொன்னேன். அவர் முதலில் சொன்னது வண்டி பெயர் இல்லை, மணம். "வைக்கோல் வாசனை, டூ-ஸ்ட்ரோக் ஆயில் வாசனை, ரெண்டும் கலந்து வரும்." தடத்தின் ஓரத்தில் தடுப்புக்கு வைக்கோல் கட்டுகளைத்தான் அடுக்கியிருப்பார்களாம். அவர் கார் ஷெட்டில் இன்னமும் ஒரு ராஜ்தூத் 350 நிற்கிறது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் ஆர்.டி. 350-ஐ ராஜ்தூத் பெயரில் இங்கே விட்டது. பெட்ரோலைக் குடித்துத் தள்ளியதால் வீட்டுக்காரர்கள் கைவிட்டார்கள், பந்தயக்காரர்கள் அணைத்துக்கொண்டார்கள். பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கிளப்பி ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைக்கிறார். பக்கத்து பிளாட்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

கிளப் தனக்கென்று நிலம் வாங்கி, பந்தயத்துக்கென்றே ஒரு தடத்தைக் கட்டி 1990-ல் திறந்தது. அதுதான் இருங்காட்டுக்கோட்டை. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். பக்கத்தில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான். தேசியப் பட்டங்களைப் பலமுறை வென்ற ஜெகன் குமார், ஆசியப் பந்தயங்களுக்குப் போய்விட்டு வந்து பயிற்சிப் பள்ளி தொடங்கிய ரஜினி கிருஷ்ணன், சோழவரம் காலத்துச் சாம்பியன் ஆர்.ஏ.அப்துல்லாவின் மகள் அலிஷா அப்துல்லா, பெண்கள் பந்தயத்தில் பெயர் எடுத்த ஆன் ஜெனிஃபர் என்று இந்தத் தார் பார்த்த சென்னை முகங்கள் நிறைய. ரேஸ் என்றதும் தமிழ்நாட்டுக்கு நடிகர் அஜித் நினைவுதான் முதலில் வரும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் வந்தபோது ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். இருங்காட்டுக்கோட்டைக்குள் தேசியப் பந்தயம் நடக்கும் நாளில் அவ்வளவு கூட்டம் இல்லை. டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை.

குட்டியானை பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் தாண்டிப் போய்ச் சேரும்போது ஆறு மணி. பேடாக்கில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து வண்டிகள். அடையாறில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர், தி.நகரில் பாத்திரக்கடை நடத்தும் குடும்பத்துப் பையன், ஓ.எம்.ஆரில் கணினி வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். பாத்திரக்கடைப் பையனின் டேங்கில் விபூதிக் கீற்று. வண்டி வாங்கியதும் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறார். நம்பர் பிளேட் இல்லாத வண்டி அதுவும் குட்டியானையில்தான் போயிருக்கிறது. இறக்கி, பழத்தின் மேல் இரண்டடி உருட்டி, மறுபடி ஏற்றி. பூசாரி ஒரு மாதிரி பார்த்தாராம்.

முதல் வேலை சோதனை. ஒருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். ஆயில் ஊற்றும் மூடி, ஆயில் வடிக்கும் போல்ட் இரண்டையும் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். அதிர்வில் கழன்று தடத்தில் எண்ணெய் கொட்டினால் பின்னால் வருகிறவன் எலும்பு தப்பாது. ரேடியேட்டரில் கூலன்ட் கூடாது, வெறும் தண்ணீர்தான். கூலன்ட் தார் மேல் சிந்தினால் வழவழப்பு போகவே போகாது, தண்ணீர் என்றால் இந்த வெயிலில் காய்ந்துவிடும். நண்பரின் வண்டியைக் குனிந்து பார்த்தவர், சங்கிலிக்கும் பின்பல்சக்கரத்துக்கும் நடுவே விரல் போகாதபடி வைக்கும் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். மீன் துடுப்பு போல ஒரு சின்னத் தகடு. பேடாக்கில் எல்லோரிடமும் விரல் போன ஒருவரின் கதை இருக்கிறது. கேட்டால் சாப்பாடு இறங்காது.

டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் நண்பர். நகரத்தில் ஓடும் வண்டியின் டயர் நடுவில் சப்பையாகத் தேயும், ஏனென்றால் நாம் நேராகவே போகிறோம், நின்று நின்று போகிறோம். இது நடுவில் புதிது போல இருக்கிறது. ஓரங்களில்தான் ரப்பர் உருகித் திரிதிரியாகச் சுருண்டிருக்கிறது. அதிலும் வலது ஓரம் இடதைவிட அதிகம். தடம் கடிகாரச் சுற்றில் ஓடுகிறது, அதனால் வலது வளைவுகளின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஒரு டயரைப் பார்த்தே அதன் ஊரைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஓடுவதற்கு முன் அதற்குச் சூடேற்றும் போர்வை சுற்றி ஜெனரேட்டரில் செருகுகிறார்கள். சென்னையில் டயருக்குப் போர்வையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. காலை ஆறரைக்குத் தார் குளிர்ந்துதான் இருக்கும், முதல் வளைவிலேயே நம்பிச் சாயமுடியாது என்றார் நண்பர். பதினொரு மணிக்கு மேல் போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு மனிதர்கள் நிழல் தேடுகிறார்கள்.

மனிதர்கள் பாடுதான் பாடு. தலை முதல் கால் வரை ஒரே துண்டான தோல் உடை. மார்பில், முழங்கையில், முட்டியில் கெட்டித் தகடு. முதுகில் ஆமை ஓடு. அதைப் போட்டுக்கொள்ள இருவர் வேண்டும், கழற்ற மூவர். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஜிப்பை இடுப்பு வரை இறக்கிவிட்டு, நீர்மோர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். வேர்வை காலுறைக்குள் சொட்டும் சத்தம் கேட்கும் என்று பல் மருத்துவர் சொன்னது மிகை. அவ்வளவு மிகையும் இல்லை.

இனி அந்தப் பதினைந்து நிமிடம். நேர்ச்சாலையின் கடைசியில் வருகிற முதல் வளைவை இங்கே சி-1 என்பார்கள். வலப்பக்கம் திரும்பும், வேகமான வளைவு. ஓட்டுகிறவர் திரும்புவதற்கு வெகு முன்னாலேயே கண்ணால் திரும்பிவிட வேண்டும். பிறகு வலதுபக்கக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஆம், வலப்பக்கம் போக வலக்கையைத் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்ப, வண்டி வலப்பக்கம் சரிகிறது. நம்பாதவர்கள் நாளைக்கு அடையாறு திரு.வி.க. பாலத்தில் ஸ்கூட்டரில் போகும்போது மெதுவாகத் தள்ளிப் பார்க்கலாம். நாம் எல்லோரும் தினமும் இதைத்தான் செய்கிறோம். யாரும் சொல்லிக் கொடுக்காததால் செய்வது தெரியாமல் செய்கிறோம். தடத்தில் அதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இங்கே வந்து வகுப்பெடுக்கிறது. அவர்கள் மாணவர்களிடம் மறுபடி மறுபடி சொல்வது வேகத்தைப் பற்றி அல்ல, ஆக்ஸிலரேட்டரைப் பற்றி: திரும்பியாயிற்றா, மெல்லத் திற, திறந்தாயிற்றா, வளைவு முடியும் வரை மூடாதே, ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போ. பயந்துபோய் நடுவில் விட்டால் எடை முன்சக்கரத்தின் மேல் விழுந்து வண்டி வெளியே ஓடும். நண்பருக்கு இந்த ஒரு பாடம் மண்டையில் ஏற இரண்டு வருடம் ஆயிற்றாம். "சிட்டில பழகின கை சார். எதைப் பார்த்தாலும் விட்டுரும்."

முட்டி தரையில் உரசுகிற புகைப்படத்துக்காக வருகிறவர்களும் உண்டு. முட்டியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் வில்லை தேய்ந்திருந்தால் அதைக் காட்டாமல் அவர்களால் இருக்க முடியாது. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பார்த்ததிலேயே அழகாக ஓட்டியவர் அந்தக் கணினிப் பெண்களில் ஒருவர், ஒரு பழைய யமஹா ஆர்-15-ல். எஞ்சின் சின்னது. அதனால் வீணாகப் பிரேக் பிடிக்க முடியாது, சேர்த்த வேகத்தைக் கஞ்சன் காசு மாதிரி காப்பாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஒரே கோட்டில் வந்தார். அவர் பேடாக்குக்குத் திரும்பியபோது முட்டி வில்லையை யாருக்கும் காட்டவில்லை.

மூன்றாவது செஷனில் மஞ்சள் கொடி. பாத்திரக்கடைப் பையன் விழுந்துவிட்டார். நல்லவேளை, லோ சைடு: பிடிப்பு விட்டு வண்டி சரிய, ஆள் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு மண்ணில் போய் நின்றார். பயப்பட வேண்டியது ஹை சைடுக்கு. அதில் வழுக்கிய பின்சக்கரம் திடீரென்று மறுபடி பிடித்துக்கொள்ளும். வண்டி உதறும் உதறலில் ஆள் கவண்கல் மாதிரி வானத்தில் போவார். பையன் எழுந்து, கையை ஆட்டி, ஒடிந்த கால்மிதியோடு ஆட்டோவில் ஏற்றிய நோயாளி மாதிரி ஜீப்பில் வந்து இறங்கினார். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் முதல் கவலை.

இதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுக் கடந்துபோக முடியாது. இதே தடத்தில் 2023 ஜனவரி 8 அன்று தேசியக் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ.குமார் இறந்தார். வயது 59. அதே வருடம் ஆகஸ்டில், புதுமுகங்களுக்கான பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். ஆம்புலன்ஸ், மருத்துவர், கொடியோடு நிற்கும் மார்ஷல்கள், தோல் உடை எல்லாம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. பதின்மூன்று வயதில் அந்த வேகம் தேவையா என்று கேட்டால் எனக்குத் தேவையில்லை என்றுதான் படுகிறது. அந்த வயதில் தொடங்கினால்தான் உலக அளவில் போட்டியிட முடியும் என்று பேடாக்கில் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். இரண்டு உண்மையையும் வைத்துக்கொண்டு பேடாக் கூடாரத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நண்பரின் அம்மா இந்த விஷயத்தில் வேறு கணக்கு வைத்திருக்கிறார். கல்லூரி நாட்களில் மகன் ராத்திரி பதினொரு மணிக்கு ஈ.சி.ஆருக்குப் போய்விட்டு வருவானாம். வண்டிச் சத்தம் கேட்கும் வரை தூங்கமாட்டாராம். "இப்போ அது போர்ட்டிகோல நிக்குது. எங்கேயும் போக முடியாது. எனக்கு நிம்மதி" என்றார், வேட்டியைச் சரிசெய்துகொண்டே. மெரினாவிலும் ஈ.சி.ஆரிலும் பந்தயம் விட்டுப் போலீஸில் மாட்டுகிற பையன்களின் வண்டிக்கு ஹெட்லைட் இருக்கிறது, ஹாரன் இருக்கிறது, நம்பர் பிளேட்டும் இருக்கிறது. தெருவுக்கு அவைதான் ஆபத்து. இவ்வளவு வேகமாக ஓடும் இந்த வண்டியால் ஒரு பாட்டியைக்கூடப் பயமுறுத்த முடியாது.

செலவுக் கணக்கை அம்மாவிடம் சொல்வதில்லை. ஒரு ஜோடி இறக்குமதி டயர் விலைக்கு ஓடுகிற பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிடலாம். அந்த டயர் சில டிராக் டேக்களுக்கு மேல் தாங்காது. தடத்துக் கட்டணம், குட்டியானை வாடகை, ஆயில், பிரேக் கட்டை, விழுந்தால் ஃபைபர். வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமே தாங்கக்கூடிய பொழுதுபோக்கு. அதனால்தான் பேடாக்கில் கல்லூரி வயதுப் பையன்கள் குறைவு, முப்பதைத் தாண்டிய முட்டிவலிக்காரர்கள் அதிகம்.

கடைசிச் சுற்று முடிந்து நண்பர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றியில் பஞ்சின் தடம் பதிந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி; போனமுறையைவிட ஒன்றரை விநாடி குறைவு. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட நான் கேட்ட பிறகுதான் சொன்னார். அந்த ஒன்றரை விநாடிக்கு ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது இரவு எட்டு. கச்சேரி சாலையில் நெரிசல். குட்டியானை சந்துக்குள் நுழைய வழியில்லாமல் முனையிலேயே நின்றுவிட்டது. யாரோ கல்யாணப் பந்தலுக்குக் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். பலகையைச் சாய்த்து அங்கேயே வண்டியை இறக்கினோம். வீடு வரை உருட்டித்தான் போக வேண்டும். ஹெட்லைட் இல்லாததால் நான் முன்னால் கைபேசி வெளிச்சம் காட்டிக்கொண்டு நடந்தேன். நண்பர் தோல் உடையின் கைகளை இடுப்பில் முடிந்துகொண்டு, குனிந்து தள்ளிக்கொண்டு வந்தார்.

பாதிச் சந்தில் பின்னால் ஒரு ஸ்கூட்டி. முன்னால் பால் கேன், பின்னால் பள்ளிப் பையோடு ஒரு குழந்தை. அந்த அம்மாள் ஹாரன் அடித்தார். இன்னொரு முறை, கொஞ்சம் நீளமாக. நண்பர் வண்டியைச் சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தி, அவர் போக வழிவிட்டார்.